புளி போட்டுத் துலக்கிய கற்கள்

என் வீட்டுச் சாமி மாடத்தில் ஒரு செப்புச் சொம்பு இருக்கிறது. அது முழுக்கப் பச்சை பூத்துப்போய்க் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை பஜனைக்கு வந்த நீங்களும் சுளித்தீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருத்தி, பெயர் சொல்ல மாட்டேன், "கொஞ்சம் புளி போட்டா பளிச்சுனு ஆயிடும்லா" என்று சொல்லிக்கொண்டே அதைக் கையில் எடுக்கப் போனாள். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்துகொண்டது. கோபித்துக்கொண்டு போனவளுக்கும், கோபத்தை அடக்கிக்கொண்டு காப்பி குடித்த மற்றவர்களுக்கும் நான் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாயால் சொன்னால் நடுவில் ஆளுக்கொன்று பேசுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில் டிராம் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. நாம் பாவாடை கட்டித் திரிந்தோம். தேக்காவுக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக் கம்பம் என்று நம்மவர்கள் சொல்வார்களே, அங்கேதான் எங்கள் வீடு. சுண்ணாம்புக் காளவாயின் புகை ஒரு பக்கம், மாட்டுக் கொட்டகை ஒரு பக்கம், காற்று திரும்பினால் அன்னாசிப்பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலையிலிருந்து இனிப்பு வாடை. காயப்போட்ட துணியில் மூன்று வாடையும் ஏறியிருக்கும். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்குள் இருந்த நான்காவது வாடைதான் உங்களுக்குத் தெரியாது.

அது கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு கள்ளிப்பெட்டியிலிருந்து வந்தது. சில்லறைக் காசை வெகுநேரம் பொத்தி வைத்திருந்த கையை முகர்ந்து பார்த்தால் எப்படி இருக்கும், அந்த வாடை. அப்பா மலாய் நாட்டுப் பகாங்கிலிருந்து அந்தப் பெட்டியோடுதான் திரும்பி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். உடம்பில் காய்ச்சல், தொண்டையில் விடாத இருமல். வாசலில் இறங்கியதும் அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை உதறிவிட்டு, "முதல்ல பெட்டியை உள்ள வை. பார்த்து, கீழ போட்டுறாதே" என்றார்.

பகாங்கின் உட்காட்டில் ஒரு பழைய செம்புச் சுரங்கம் இருந்தது. அப்பா அதில் மண்டோர். அதாவது, கீழே இறங்கித் தோண்டும் நம் ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. அந்தக் காலத்தில் பகாங் என்றாலே வெள்ளீயம் என்றுதான் எல்லாரும் பேசுவார்கள். செம்பு என்று சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அப்பாவுக்கோ செம்பைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

ஆனால் அந்தப் பேச்செல்லாம் வீட்டில் இல்லை, கடையில். முச்சந்தியில் மளிகைக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை நானா என்போம். அவர் கடை வாசலில் சாயங்காலமானால் ஆண்கள் கூடுவார்கள். அப்பா அங்கே போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார் என்றால் எழுந்திருக்க மாட்டார். சோறு ஆறுகிறது என்று கூப்பிட்டுவர அம்மா என்னை அனுப்புவாள். நான் போய் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்பேன். கூப்பிட்டால் திட்டு விழும் என்பதால் பேச்சு முடியும்வரை காத்திருப்பேன். அப்படி நின்று நின்றே அந்தச் சுரங்கத்தின் கதை முழுவதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அந்த மலையை முதன்முதலில் குடைந்தவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் போட்ட பொந்துகளில் ஒரு சின்னப் பிள்ளைதான் நுழைய முடியும். உள்ளே கரியும், நடுவில் பள்ளம் விழுந்த கல் சுத்தியல்களும் கிடந்தன. பாறையை நெருப்பு வைத்துச் சுட்டு, குளிர்ந்த தண்ணீரை ஊற்றி வெடிக்க வைத்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். அவர்களுக்குப் பிறகு சீனர்கள் வந்தார்கள். மலைமேல் பாறையில் பச்சைக் கறை தெரிந்த இடங்களில் எல்லாம் இறங்கி, அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டே போனார்கள். ஒரு குகை வாயில் அவர்கள் வைத்த சாமி பீடமும் ஊதுபத்திக் குச்சிகளும் அப்பா காலத்திலும் இருந்தன. அதற்கும் பிறகுதான் வெள்ளைக்காரக் கம்பெனி. நேர்கிணறு வெட்டி, ஏணி போட்டு, விறகு எரித்து ஓடும் பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள்.

"அந்தத் தண்ணி நீலமா இருக்கும் நானா. மண்வெட்டியை அதுல மறந்து போட்டுட்டா, மறுநாள் இரும்பு மேல செம்பு ஏறியிருக்கும். பொய்யில்ல, என் கண்ணால பார்த்தேன்" என்பார் அப்பா.

"நீங்க சொன்னா நம்பத்தானே வேணும் மண்டோரே" என்பார் நானா. நம்பவில்லை என்பது குரலிலேயே தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

அப்பா எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். மேல் மட்டத்தில் பச்சைக் கல். நடு மட்டத்தில் சிவப்புக் கல்லும், இடுக்கில் இஞ்சிக் கிழங்கு வடிவத்தில் சுத்தச் செம்பும். அதற்குக் கீழே செம்பு இல்லை என்று கம்பெனித் துரை கணக்குப் போட்டுவிட்டார். அவர் காய்ச்சலில் படுத்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, அப்பாவின் ஆட்கள் அடிமட்டத்தில் கடைசியாக ஒரு வெடி வைத்தார்கள். உள்ளே மயில் கழுத்து நிறத்தில் ஒரு கல்லும், பித்தளை மாதிரி மஞ்சளாக ஒரு கல்லும் கிடைத்தன. இரண்டும் செம்புக் கல். செம்பு தீரவில்லை, நிறம் மாறிக் கீழே போயிருக்கிறது. அதைச் சொல்ல மேலே துரை இல்லை. விறகு தீர்ந்து பம்பு நின்றது. தண்ணீர் ஏறி அடிமட்டத்தை மூடியது. ஆட்கள் கலைந்தார்கள். மூன்று மட்டத்துக் கல்லையும் பெட்டியில் போட்டுக்கொண்டு அப்பா மட்டும் சிங்கப்பூர் வந்தார். கம்பெனிக்காரர்கள் அந்தக் கற்களைப் பார்த்தால் புதுப் பம்போடு ஆளனுப்புவார்கள், தன்னைத் தலைமை மண்டோராக வைத்துச் சுரங்கத்தைத் திறப்பார்கள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவரை எழுப்பி நடமாட வைத்துக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் அவர் பெட்டியைத் திறந்து கற்களைத் தரையில் பரப்பியதை நான் பார்த்தேன். என்ன அழகு என்கிறீர்கள். ஒரு பச்சைக் கல்லில் வெங்காயத்தைக் குறுக்கே அறுத்தமாதிரி வளையம் வளையமாக இருந்தது. மற்றக் கற்களில் பச்சை மேலே பாசிபோல் ஒட்டியிருந்தது. மயில் கல்லைத் திருப்பத் திருப்ப ஊதாவும் நீலமும் மாறி மாறித் தெரிந்தன. அப்பா வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை விரலில் எடுத்து ஒவ்வொரு கல்லிலும் பொட்டு வைத்தார். மேல் மட்டத்துக் கல்லுக்கு ஒரு பொட்டு, நடு மட்டத்துக்கு இரண்டு, அடிமட்டத்துக்கு மூன்று.

அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து, "என்னங்க இது?" என்று கேட்டாள்.

"உனக்கு எதுக்கு? போய்ச் சோத்தைப் பாரு."

அவ்வளவுதான். கடையில் கண்டவனுக்கெல்லாம் மணிக்கணக்கில் சொன்ன மனிதர், தன் வீட்டில் தன் பெண்டாட்டி கேட்டபோது சொன்னது இதுதான். அம்மா திரும்பிப் போய்விட்டாள். அவள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

அப்பா தினமும் துறைமுகத்துப் பக்கம் இருந்த கம்பெனி ஆபீசுகளுக்கு நடையாய் நடந்தார். உள்ளே விட மாட்டார்கள். கிராணிமார், அதாவது குமாஸ்தாக்கள், வெளியே வந்து, துரை இல்லை, நாளைக்கு வா என்பார்கள். நாளைக்குப் போனால் துரை ரப்பர் தோட்டம் பார்க்கப் போயிருப்பார். அப்போதுதான் எல்லாருக்கும் ரப்பர்ப் பைத்தியம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அப்பா வெயிலில் வெந்து வீட்டுக்கு வருவார். குழம்பில் உப்பில்லை என்பார், குடத்தில் தண்ணீர் இல்லை என்பார், நான் சிரித்தது குற்றம் என்பார். எனக்கு அந்த நாட்களில் அவரைப் பிடிக்கவே இல்லை. இன்றைக்கு யோசித்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கோபம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் வழி பண்ணியது நானாதான். ஒரு துரை வீட்டுக்கு அவர் சாமான் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் துரைக்குச் சுரங்கத்தில் ஆசை உண்டு. பந்தயத் திடலில் குதிரை ஓடும் நாளில் அவர் சிராங்கூன் சாலை வழியாகத்தான் வருவார். பந்தயத்துக்குப் போகும் முன்னால் கடையில் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்திக் கற்களைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

பந்தய நாள் காலையில் அப்பா சலவைக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, முகம் வழிக்க நாவிதரிடம் கிளம்பினார். வாசலில் நின்றபடி அம்மாவிடம் சொன்னார். "பெட்டியை எடுத்து வெளிய வை. இன்னைக்குத் துரை பார்க்கப் போறார்."

"அவர் கையில எடுத்துப் பார்ப்பாரா?"

"பின்ன? எல்லாத்தையும் பார்ப்பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா பெட்டியைத் திறந்தாள். செம்பு என்ற சொல் அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. கற்களுக்கு நடுவில் கிடந்த சுத்தச் செம்பையும் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் எப்படி மாறியது என்று எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நம் வீடுகளில் செம்பின்மேல் பச்சை இருந்தால் அதற்கு ஒரே பெயர்தான், களிம்பு. களிம்பு ஏறிய பாத்திரத்தில் மோர் ஊற்றினால் விஷம். களிம்போடு குடத்தை வெளியே வைத்தால், இந்த வீட்டில் பொம்பளை இருக்கிறாளா என்று தெரு கேட்கும். அப்படி வளர்ந்தவள் அவள். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுப் பாத்திரங்கள் அவள் கையில் மின்னும்.

"ஐயையோ, இத்தனை களிம்போடயா துரை கையில குடுக்கிறது? நம்மளப் பத்தி என்ன நினைப்பார்" என்றாள். புளியைக் கரைத்தாள். உப்பும் சாம்பலும் எடுத்தாள். தேங்காய் நாரோடு முற்றத்தில் உட்கார்ந்தாள்.

நான் சொன்னேன். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொன்னேன். "அம்மா, அது களிம்பு இல்லம்மா. அந்தப் பச்சைதான் செம்புக் கல்லாம். அப்பா கடையில சொன்னாங்க."

"கடையில ஆம்பளைங்க பேசுறத நின்னு கேட்டியா? வயசுக்கு வரப்போற புள்ள. கால ஒடிச்சுடுவேன்."

அவள் முதல் கல்லைப் புளித்தண்ணீரில் போட்டாள். சுண்ணாம்புப் பொட்டு நுரைத்துக்கொண்டு கரைந்தது. பச்சை மேலெல்லாம் பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. "பாத்தியா, அழுக்கு எப்படிப் பொங்குது" என்றாள் அம்மா. நான் எழுந்து ஓடினேன்.

தெருவெல்லாம் பந்தயத்துக்குப் போகிற வண்டிகள். ரிக்ஷாக்களுக்கு நடுவில் புகுந்து, திட்டு வாங்கி, மரத்தடியில் நாவிதர் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் முகமெல்லாம் சவுக்கார நுரை.

"அப்பா, அம்மா கல்லையெல்லாம் கழுவுறாங்கப்பா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "கழுவட்டும். தூசி போகட்டும்" என்றார்.

"இல்லப்பா, புளி போட்டு..."

"வீட்டுக்குப் போ. பொட்டப்புள்ளைக்கு நடுத்தெருவுல என்ன வேலை?" நாவிதர் சிரித்தார். கத்தி கழுத்தில் இருந்ததால் அப்பா அதற்குமேல் பேசவில்லை. நானும் பேசவில்லை, பேசினால் அறை விழும். வீடு திரும்பியபோது அம்மா கடைசிக் கல்லுக்கு வந்திருந்தாள். சட்டியில் தண்ணீர் பச்சையும் நீலமுமாக அவ்வளவு அழகாக நின்றது. அதை அவள் வாய்க்காலில் கொட்டினாள்.

கற்களைத் துடைத்து, தன் நல்ல புடவை ஒன்றைக் கிழித்து விரித்து, அதன்மேல் வரிசையாக அடுக்கினாள். பெரிய கல் ஒரு பக்கம், சின்னக் கல் ஒரு பக்கம். மூடி போட்டுக் கயிறும் கட்டிவிட்டாள். அப்பா வந்து கோட்டை மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அம்மா வாசல்வரை வந்தாள். அவர் திறந்து பார்த்து, அட என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தாள் என நினைக்கிறேன். அவர் திறக்கவில்லை.

நான் பின்னாலேயே போனேன். கடையில் நானா பலகையைத் துடைத்து வைத்திருந்தார். துரை வந்தார், கூடவே மொழி சொல்ல ஒரு தமிழ்க் கிராணி. அப்பா கயிற்றை அவிழ்த்து மூடியைத் தூக்கினார்.

தீபாவளிக்குத் துலக்கிய பாத்திரங்கள் மாதிரி எல்லாம் பளபளவென்று இருந்தன. பாசிபோல் ஒட்டியிருந்த பச்சை இல்லை, வளையக் கல்லும் வெளிறிக் கிடந்தது. மயில் கழுத்து நிறம் இல்லை, அந்தக் கல் வெறும் தவிட்டு நிறத்தில் கிடந்தது. பொட்டு ஒன்றுகூட இல்லை. அப்பா மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

துரை ஒரு கல்லை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"கல்லுல யாரு கை வச்சதுன்னு துரை கேக்குறார்" என்றார் கிராணி.

"ஒருத்தரும் இல்லீங்க. வீட்டுல கழுவிட்டாங்க போல."

"இதுல எது அடிமட்டத்துக் கல்லு?"

அப்பா குனிந்து தேடினார். ஒன்றை எடுத்து, இது அடிமட்டம் என்றார். பிறகு, இல்லை, நடு மட்டம் என்றார். மஞ்சள் கல்லை எடுத்து, இதுதான், இதுதான் என்றார்.

துரை கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். சிரித்தார். கிராணி சொன்னார், "மண்டோரே, கை வச்ச கல்லை அவங்க பார்க்க மாட்டாங்க. ஏமாத்துறவங்கதான் கல்லைத் தேச்சு மினுக்கிக் கொண்டாருவாங்களாம். புதுசா வேற கல்லு இருந்தா கொண்டாங்க."

"வேற கல்லு தண்ணிக்குள்ள இருக்குங்க. பம்பு வச்சாத்தான் எடுக்க முடியும்" என்றார் அப்பா.

கிராணி அதை மொழிபெயர்த்தாரா என்று எனக்குத் தெரியாது. துரை அதற்குள் வண்டியில் ஏறிவிட்டார். திடலில் குதிரைகள் கிளம்பிவிட்டன என்று ஆட்கள் ஓடினார்கள். நானா மட்டும் "விடுங்க மண்டோரே" என்று தோளைத் தொட்டார்.

அப்பா வீட்டுக்கு வந்து கத்தவில்லை, அடிக்கவில்லை. அம்மா கதவருகே நின்று, "துரை என்ன சொன்னார்?" என்று கேட்டாள். "உன் கையால கெட்டேன்" என்றார். எப்படி, ஏன், ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ரோச்சோர் கால்வாயில் கவிழ்த்துவிட்டு வந்தார். அந்த இஞ்சிக் கிழங்குச் செம்பை மட்டுமாவது நான் எடுத்து வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அவர் புக்கிட் தீமா பக்கம் கல்லுடைக்கும் இடத்தில் மண்டோரானார். ரோட்டுக்குப் போடும் கருங்கல். எத்தனை உடைத்தாலும் உள்ளே வேறு எதுவும் இருக்காது. சாகும்வரை அந்த வேலைதான். அம்மா பாத்திரம் துலக்க உட்கார்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். செம்பைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை. நாவிதர் முன்னால் நான் வந்து சொன்னது அவருக்கு நினைவிருந்ததா என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். அவர் காதில் அது ஏறவே இல்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்த பிறகு ஒருநாள், வயதாகிப்போன அம்மா என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஒரு செப்புச் சொம்பைத் துலக்கிக்கொண்டிருந்தாள். அப்பா அப்போது இல்லை. விரல் வளையாத கையால் அவள் சொம்பின் கழுத்து இடுக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா. கை வலிக்கப் போகுது."

"இடுக்குல பச்சை இருக்குடி. அன்னைக்கும் அப்படித்தான், அவசரத்துல இடுக்கையெல்லாம் சரியாத் தேய்க்காம விட்டுட்டேன். துரை அதைப் பாத்துட்டார். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேச்சிருந்தா உங்கப்பா சுரங்கத்துக்குத் திரும்பப் போயிருப்பார்."

இத்தனை வருஷம் அவள் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான். போதுமான அளவுக்குத் தேய்க்கவில்லை என்று நினைத்துத்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக விரல் தேயத் தேய்த்திருக்கிறாள். அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைதான் அவர்கள் தேடிய செம்பு என்றும், சுண்ணாம்புப் பொட்டு எதற்கென்றும், அடிமட்டத்தில் தண்ணீர் ஏறியது பற்றியும். அவள் முழுவதையும் கேட்டாள்.

"நான் அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றேன்.

"நீ சின்னப் புள்ள. அவர் சொல்லியிருக்கணும்ல" என்றாள். பிறகு, "சொல்லியிருந்தா ஒவ்வொரு கல்லுக்கும் பூ வச்சுக் குடுத்திருப்பேனே" என்றாள்.

கையிலிருந்த சொம்பை அப்படியே கீழே வைத்தாள். புளி கழுத்தில் ஒட்டியிருந்தது. நான்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவி மாடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு அதை அவள் துலக்கவில்லை, நானும் யாரையும் துலக்க விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வாருங்கள், காப்பி தருகிறேன். சொம்பின் மேல் யாரும் கை வைக்க வேண்டாம்.